ஆற்றுப்படை நூல்களில் வழியுணவும் மனையுணவும்

ஒரு நிலத்தார் விரும்பி உண்ணும் உணவு பிறிதொரு நிலத்தார்க்கு வியப்பாகத் தோன்றுதல் உலகியல். இடத்தால் விலகியவர்க்கே அன்றிக் காலத்தால் விலகியவர்க்கும் இவ்வியப்பு உண்டு. பத்துப்பாட்டையும் எட்டுத்தொகையையும் பயிலும் இற்றை மாணவர், பாணர் உடும்பின் பொரியல் உண்டதையும், இடையர் குடியில் ஈயல் பெய்து சோறு அட்டதையும், உமணர் புலி தின்றொழிந்த யானையின் ஊனை உலையில் இட்டதையும் படிக்குங்கால் முகம் சுளிக்கின்றனர். பாடம் சொல்லும் ஆசிரியரும் சிலபோது அவ்வடிகளின் பொருளை விரைந்து கூறி அப்பாற் செல்கின்றனர். எம்முடைய வகுப்புகளிலும் இது நிகழ்ந்ததுண்டு என்பதை ஒப்புக்கொள்கின்றோம்.

இவ்வாறு கடந்து செல்வதால் ஒரு வரலாற்று உண்மை நம் கைவிட்டுப் போகின்றது. இவ்வுணவுகளை நாம் வியப்புக்குரியன என்கின்றோம். இவற்றைப் பாடிய புலவர் அவ்வாறு கருதினரா? கருதவில்லை எனின், சொல்லக் கூசும் உணவு என அவர் கொண்டது யாது? இவ்விரு வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றுகளின் இயல்பு

தொல்காப்பியர் கருப்பொருள்களை எண்ணுங்கால் தெய்வத்தை முதலில் வைத்து, அதனை அடுத்து உணவை வைக்கின்றார். நிலமும் மக்களும் உணவால் அறியப்படுவர் என்னும் கொள்கை அக்காலத்தே வேரூன்றியிருந்தது என்பது இதனாற் புலனாகும். இக்கொள்கைக்கு விரிவான இலக்கியமாக நிற்பவை ஆற்றுப்படை நூல்கள். வள்ளலைக் கண்டு பரிசில் பெற்று மீளும் கலைஞன், வறுமையுற்று எதிர்வரும் மற்றொரு கலைஞனுக்கு வழி கூறுவதே இவற்றின் அமைப்பு. வழி கூறுவோன் ஒவ்வொரு நிலத்திலும் எவர் மனையில் என்ன உணவு கிடைக்கும் என்பதை முறையே சொல்லிச் செல்கின்றான். 269 அடிகளையுடைய சிறுபாணாற்றுப்படையும், 500 அடிகளையுடைய பெரும்பாணாற்றுப்படையும், 583 அடிகளையுடைய மலைபடுகடாமும் இவ்வகையில் நமக்குப் பெரிதும் பயன்படுவன.

இச்சான்றுகளுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. பிற நாட்டு மக்களின் உணவைப் புறத்தே நின்று கண்டெழுதும் வழிப்போக்கரின் குறிப்புகள் அல்ல இவை. உண்டவன் தன்னைப் போன்ற ஒருவனுக்கு, ‘நீயும் சென்று உண்’ எனக் கூறும் கூற்றாக அமைந்தவை. உணவை இகழும் நோக்கம் கூறுவோனுக்கு இல்லை. வள்ளலின் நாட்டைப் புகழும் நோக்கமே உண்டு. ஆதலின் புகழ்ச்சியாற் சில மிகைபடக் கூறப்பட்டிருத்தல் கூடும். எனினும், ஒரு நாட்டைப் புகழ்வதற்கு எவ்வுணவுகள் தக்கனவாகக் கருதப்பட்டன என்பதை இம்மிகையும் நமக்கு அறிவிக்கின்றது.

வழியிற் பெற்ற உணவு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையன்பால் பெரும்பாணனை ஆற்றுப்படுத்துகின்றார். வழியில் முதற்கண் வருவது எயினர் குடிசை. எயிற்றியர் இரும்பு முனை பொருத்திய கோலால் கரம்பை நிலத்தைக் கிளறி, புழுதியில் அளைந்து, நுண்ணிய புல்லரிசியை எடுக்கின்றனர். விளாமர நிழலில் நிலத்திற் குழித்த உரலிலே அதனை இட்டுக் குற்றுகின்றனர். ஆழ்ந்த கிணற்றில் ஊறிய உவர்நீரை முகந்து, வாய் சிதைந்த பழம்பானையை முரிந்த அடுப்பின்மேல் ஏற்றிச் சமைக்கின்றனர். உப்புக்கண்டமாகிய வாடூனோடு கூடிய அவ்வுணவு தேக்கிலையிற் குவிக்கப்பட்டுச் சுற்றத்தார் அனைவர்க்கும் கிடைக்கின்றது. தெய்வத்துக்குப் படைக்கும் படையலைப் போன்று அது குவிக்கப்படும் என்று புலவர் உவமை கூறுதல் நோக்கத்தக்கது. பானை உடைந்தது. அடுப்பு முரிந்தது. நீரோ உவர்நீர். ஆயினும் விருந்தினனுக்கு இடுங்கால் அது தெய்வ மடையாகின்றது.

எயினர் அரணுக்குள் சென்றால், மேட்டுநிலத்து விளைந்த நெல்லின் சிவந்த சோறும், நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியலும் கிடைக்கும். அவ்வுடும்பு முட்டைகளோடு கூடியது என்றும், அம்முட்டைகள் அக்குமணி போல்வன என்றும் புலவர் நுணுகிக் கூறுகின்றார். முல்லையில் ஆயர்பால் நண்டின் குஞ்சு போன்ற சிறிய பருக்கைகளையுடைய தினைச்சோறு பாலோடு கிடைக்கின்றது. உழவர் சிற்றூரில் வரகுச் சோறும் அவரைப் புழுக்கும், மருதத்துப் பேரூரில் வெண்ணெற் சோறும் மனையில் வளர்ந்த பெட்டைக்கோழியின் வாட்டும் கிடைக்கின்றன. வலைஞர் குடியில், குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி ஆற்றி, அரைத்த நெல்முளையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்து, சாடியில் முதிர வடித்த கள்ளும் சுட்ட மீனும் தருகின்றனர். அந்தணர் மனையில் பறவையின் பெயர் பெற்ற நெல்லின் சோறும், வெண்ணெயில் வெந்து மிளகுப்பொடியும் கறிவேப்பிலையும் தூவிய மாதுளங்காயும், மாவடு ஊறுகாயும் கிடைக்கின்றன. கடற்கரைப் பட்டினத்திலோ, பிணவோடு சேரவிடாது குழியில் நிறுத்தி, நெல்லின் மாவை ஊட்டிப் பன்னாள் வளர்த்த ஆண்பன்றியின் கொழுத்த ஊனைக் கள்ளோடு தருகின்றனர்.

இவை அனைத்தையும் கூறி முடிக்குங்கால் புலவர் ‘பெறுகுவிர்’ என்னும் சொல்லையே திரும்பத் திரும்ப ஆள்கின்றார். உடும்புக்கும் அச்சொல்லே, தினைச்சோற்றுக்கும் அச்சொல்லே, கொழுத்த பன்றிக்கும் அச்சொல்லே. இது உயர்ந்தது, அது தாழ்ந்தது என்று பிரித்துணர்த்தும் குறிப்பு ஒன்றும் அவர் வாக்கில் இல்லை.

இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும் இந்நிலையே காண்கின்றோம். எயிற்பட்டினத்தில் பழந்தேறலும் சுட்ட குழல்மீனும், வேலூரில் எயிற்றியர் ஆக்கிய புளிச்சோறும் ஆமானின் சூட்டிறைச்சியும், ஆமூரில் தீட்டிய அரிசியின் வெண்சோறும் நண்டின் கலவையும் பாணனுக்குக் கிடைக்கின்றன. மலைபடுகடாத்தில் இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் காட்டும் குறமகளின் அடுகளம் இன்னும் விரிவானது. அருவி அடித்துக்கொணர்ந்த பழத்தின் வெண்ணிறக் கொட்டைகள், கடமானின் ஊன், முளவுமா எனப்படும் எய்ப்பன்றியின் நிணத்துண்டம், பெண்நாய் துரத்திப் பிடித்ததன் தசை ஆகியவற்றோடு, கொட்டை மாவும் புளியும் மோரும் கூட்டி, மூங்கிலில் விளைந்த நெல்லின் அரிசியை உலையேற்றி, மலைச்சாரல் எல்லாம் மணம் கமழுமாறு அவள் துழாவுகின்றாள்.

ஈண்டு ஓர் ஒற்றுமையைச் சுட்டுதல் வேண்டும். நண்டுக் கலவையை இடும் மருதநில மங்கையும், முளவுமாவின் ஊனை இடும் குறமகளும், வந்தவரைத் தம் மக்களைத் தடுத்து நிறுத்தும் முறையிலே நிறுத்தி உண்பிப்பர் என்று இருவேறு புலவர் ஒரே தொடரால் கூறுகின்றனர். நிலமும் உணவும் வேறு. உபசரிப்பைக் குறிக்கும் மொழி ஒன்றே.

ஈயல் உணவு தனியே குறிப்பிடத்தக்கது. அகநானூறு 394ஆம் பாட்டில் தோழி தலைவனை முல்லைநிலத்துச் சிறு மனைக்கு ஒருநாள் வந்து செல்லுமாறு அழைக்கின்றாள். அவனுடன் வரும் இளையர்க்குக் கிடைப்பது, செம்மறியின் முதிர்ந்த தயிரில், வரகரிசியோடு, மழை பெய்து ஓய்ந்த ஈரப் புற்றிலிருந்து எழுந்த ஈயலைப் பெய்து சமைத்த புளிச்சோறு. அதன்மேல் வெண்ணெய் உருகும். தலைவனுக்கு உரியது பாற்சோறு. விருந்தில் வரிசை உண்டு என்பதை இப்பாட்டு மறைக்கவில்லை. ஆயினும் ஈயற்சோறு கவர்ச்சியுள்ள விருந்தாகவே அழைப்பில் இடம்பெறுகின்றது.

புறநானூறு 119ஆம் பாட்டு இதனினும் ஆழ்ந்தது. பாரி இறந்தபின் பறம்பினை நினைந்து கபிலர் வருந்துகின்றார். கார்மழை பெய்த காலத்துச் செம்புற்றின் ஈயலை மோரிற் புளிக்க வைத்த உணவும் தினையும் பொருந்திய அந்நாட்டின் வளம் இனி அழிந்தொழியுமோ என்பது அவர் கவலை. மூவேந்தர் முற்றுகைக்கும் அஞ்சாத பறம்பின் செல்வத்தை நினைவூட்ட அவர் தேர்ந்தெடுத்தது பொன்னும் மணியும் அன்று, புற்றீயல். இழந்த நாட்டின் இனிமையெல்லாம் இச்சிற்றுணவில் அவர்க்குத் தோன்றியது போலும். அவ்வாறே பிசிராந்தையார் புறநானூறு 212இல் கோப்பெருஞ்சோழன் நாட்டு உழவர் கள்ளுண்டு, யாமை இறைச்சிப் புழுக்கை வேண்டுமளவு தின்று, ஆரல் மீனின் சூட்டைக் கவுளில் அடக்கி மகிழ்வதைக் கூறித் தம் நண்பனின் நாட்டுக்குப் பெருமை சேர்க்கின்றார்.

விருந்தளிப்போர் இல்லாத வழி

மேலே கண்டவை மனைகளிற் பெற்றவை. மனையே இல்லாத அருஞ்சுரத்தில் செல்வோர் உண்டது யாது? நற்றிணை 43ஆம் பாட்டு, பசித்த செந்நாய் மரையைக் கொன்று தின்று விட்டுச்சென்ற எச்சில் ஊன், தொலைநாட்டுச் சுரம் செல்வோர்க்கு உணவாகும் என்கின்றது. அகநானூறு 169ஆம் பாட்டு அதற்கும் மேற்பட்ட ஒரு காட்சியைத் தருகின்றது. புலி ஒரு பெருங்களிற்றைக் கொன்று தின்றது. எஞ்சிய ஊனை மறவர் கோலிற் கோத்துக்கொண்டு சென்றனர். அவரும் விட்டுச்சென்றதை, அவ்வழி வந்த உமணர் கூட்டத்தார் எடுத்து, தீக்கடைகோலால் சிறுதீ மூட்டி, சுனையின் இனிய நீரை வார்த்துச் சோற்றுலையில் கூட்டுகின்றனர்.

சங்கப் பாடல்களில் நாம் காணும் உணவுகளுள் இதனினும் வியப்பானது ஒன்றை யாம் அறியோம். புலியின் எச்சில், அதற்கு மேல் மறவரின் எச்சில். ஆயினும் புலவர் அருவருப்புத் தோன்ற ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. இதனை உண்டோர் உமணர், அதாவது உப்பு வணிகர். அவர்தம் உப்பினைக் கடலில் விளைந்த அமிழ்து என்றே இப்பாட்டுக் குறிக்கின்றது. காட்டில் கிடந்த ஊன், தீயும் இனிய நீரும் சோறும் கூடிய உலையை அடைந்ததும் மக்கள் உணவாகிவிட்டது. உண்போரும் தனியர் அல்லர், கூட்டமாகச் செல்வோர்.

மனையுள் மறைத்த உணவு

இனி, புலவர் கூசிய உணவைக் காண்போம். அது காட்டில் இல்லை. அவர்தம் மனையிலேயே உள்ளது.

சிறுபாணாற்றுப்படையில் பரிசில் பெற்றவன் தன் பழைய நிலையைச் சொல்கின்றான். கூரை சிதைந்த அட்டிலில் சுவர் கறையானால் அரிக்கப்பட்டுக் காளான் பூத்திருந்தது. அங்கே ஈன்ற நாயின் வற்றிய மடியில், கண் திறவாத குட்டி பால் பெறாது வருந்த, தாய்நாய் அந்நோவு தாளாது குரைத்தது. பசியால் ஒடுங்கிய கிணைமகள் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தாற் கிள்ளி வந்தாள், உப்பின்றி வேகவைத்தாள். அறிவிலார் கண்டு பழிப்பர் என நாணி வாயிற்கதவை அடைத்து, பெருஞ்சுற்றத்தோடு அதனை உண்டாள்.

குமணனைப் பாடிய பெருஞ்சித்திரனாரும் புறநானூறு 159இல் இதனையே கூறுகின்றார். அவர் மனைவி குப்பையில் தளிர்த்த கீரையைக் கொய்து, உப்பும் இன்றி மோரும் இன்றி வேகவைத்து, சோறு என்பதையே மறந்து உண்கின்றாள். 164ஆம் பாட்டில் பெருந்தலைச் சாத்தனார் காட்டும் அடுப்பிலோ சமையல் இன்மையால் காளான் பூத்துக்கிடக்கின்றது.

வறுமையே அன்றித் துயரும் மனையுணவை மாற்றிவிடும். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு புறநானூறு 246இல் கைம்மை மகளிர் உணவினை எடுத்துரைக்கின்றார். நீர் பிழிந்த சோற்றுத்திரளும், எள் துவையலும், புளி கூட்டிய வேளைக்கீரையும், நெய் தீண்டாது உண்ணப்பட வேண்டியவை. அவ்வுணவை உண்டு வாழ்வதினும் தீப்புகுதல் எளிது என்று அவர் துணிகின்றார். 248ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தனார் காட்டும் பெண்ணுக்கு, இளமையில் தழையாடையாக இருந்த ஆம்பல், கணவன் மறைந்தபின், உண்ணும் பொழுது தவறிய வேளையில் உண்ணும் புல்லரிசியைத் தருவதாயிற்று.

ஒப்புநோக்கு

இவ்விரு தொகுதிகளையும் அருகருகே வைத்து நோக்கின் ஒன்று தெளிவாகின்றது. வேளைக்கீரை எளிய கீரை. இன்றும் எவரும் அதனைக் கண்டு அருவருப்பதில்லை. புல்லரிசியோ எயினர் விருந்தில் பெருமையோடு இடப்பட்டது; கைம்பெண் உண்ணும் ஆம்பலின் புல்லரிசியோ துயரின் அடையாளமாயிற்று. ஆகவே பொருளின் இயல்பு பற்றி உணவு தாழ்வுறவில்லை. அது உண்ணப்படும் நிலையே அதனை இனியதாகவோ துயரதாகவோ ஆக்குகின்றது. விருந்தினன் முன் திறந்த வாயிலில் இடப்படின் உடும்பும் உவக்கத்தக்கது. உப்பின்றி, பிறர் காணாவண்ணம் கதவை அடைத்து உண்ணப்படின் கீரையும் நாணத்தக்கது. நம் வியப்பு உணவுப்பொருளைச் சார்ந்தது. சங்கப் புலவரின் கூச்சம் அடைத்த கதவைச் சார்ந்தது. இதுவே யாம் கண்ட முடிபு.

சில மறுப்புகள்

இதற்கு மூன்று மறுப்புகள் எழலாம். இவ்வுணவுகள் வேட்டுவர்க்கும் குறவர்க்கும் மட்டுமே உரியன; தமிழர் பொதுவாழ்வுக்குச் சான்றாகா என்பது முதல் மறுப்பு. உண்போனாக நூல்களில் நிற்பவன் பாணன். அவன் எயினர் குடிசையிலும் அந்தணர் மனையிலும் உண்பவன். நண்டும் யாமையும் மருதநிலத்துக்குரியன, பன்றி பட்டினத்துக்குரியது. ஆதலின் இவற்றைக் காட்டுமக்கள் வழக்கம் என ஒதுக்குதல் பொருந்தாது.

இவை புலனெறி வழக்கே அன்றி உலகியல் அல்ல என்பது இரண்டாவது. உருவகமும் உவமையும் இருப்பினும், அடிப்படை உண்மைக்கு மண்ணிலிருந்தும் சான்று கிடைத்துள்ளது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019ஆம் ஆண்டு வெளியிட்ட கீழடி அகழாய்வு அறிக்கை, அங்குக் கிடைத்த எலும்புகளுள் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றோடு கலைமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவற்றின் எலும்புகளும் உள்ளன எனக் காட்டுகின்றது. ஊர்வாழ்வும் காட்டுவிலங்கும் விலகி நிற்கவில்லை என்பதற்கு இது துணை செய்யும்.

புலால் மறுத்தலைத் தனி அதிகாரமாக வகுத்த திருக்குறள் தோன்றிய நாட்டில் இவற்றை விரித்துரைத்தல் தகுமா என்பது மூன்றாவது. உணவு பற்றிய அறக்கருத்து காலந்தோறும் வளர்ந்தும் மாறியும் வந்துள்ளது; அதனை மதித்தல் நம் கடமை. ஆயின் பிற்கால அறத்தை முற்கால நூலுள் ஏற்றிப் பொருள் கொள்ளுதல் வரலாறு ஆகாது. இவ்வகையில் நமக்கு வழிகாட்டி நச்சினார்க்கினியர். பத்துப்பாட்டில் வரும் ஊனுணவுகள் அனைத்துக்கும் அவர் மறைப்பின்றி நேரிய உரை கூறியுள்ளார். அவ்வுரையோடு உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889ஆம் ஆண்டு பதிப்பித்தார். புறநானூற்றை 1894ஆம் ஆண்டு வெளியிட்டார். உரையாசிரியரும் பதிப்பாசிரியரும் கூசாது காத்துத் தந்த அடிகளை வகுப்பறையில் நாம் கூசிக் கடத்தல் முறையன்று.

முடிவுரை

இவ்வாராய்ச்சி பழம்பொருள் பற்றிய ஆர்வத்தோடு முடிவதன்று. முதல்மழைக்குப்பின் புற்றிலிருந்து எழும் ஈசலைப் பிடித்து, வறுத்துப் பொரியோடு கலந்து உண்ணும் வழக்கம் தமிழகச் சிற்றூர்களில் இன்றும் உண்டு. மூங்கில் பூத்துக் காய்த்தொழியும் ஆண்டுகளில் அதன் அரிசியை மலைவாழ் மக்கள் திரட்டுகின்றனர். வயலெலியை இருளர் பிடித்து உண்கின்றனர். உடும்பு வேட்டை மட்டும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டுள்ளது. அருகிவரும் உயிரைக் காக்கும் அவ்விதி ஏற்கத்தக்கதே. ஆயின் அழியும் உயிரைக் காத்தல் வேறு. அதனை உண்டு வாழ்ந்த மக்களை இகழ்தல் வேறு.

இம்மக்களின் பிள்ளைகள் இன்று நம் கல்லூரிகளுக்கும் பயில வருகின்றனர். தம் வீட்டு உணவைப் பிறர் அறியாவண்ணம் மறைத்து உண்ணும் நிலை அவர்களுள் ஒருவர்க்கேனும் நேருமாயின், அன்று கிணைமகள் அடைத்த கதவை இன்று நாம் அடைக்கச் செய்தவராவோம். உடும்பின் முட்டையை அக்குமணிக்கு ஒப்பிட்டுப் பாடிய புலவரின் பாட்டைத் தலைகுனியாது, சொல்லுக்குச் சொல் பொருள் கூறி, அம்மாணவர் முன்னிலையில் நடத்துதலே தமிழ்த்துறையார் செய்யத்தக்க முதற்கடமை என யாம் கருதுகின்றோம்.